கடைக்கட்டில் இருந்த பதினொரு பெயர்கள்

நலம் நிலைக்க. மழை தவறாதிருக்க. இவ்வோலை கொண்டு வருவார் கால்கள் நோகாதிருக்க.

மூன்று மலைகளையும் முப்பது கணவாய்களையும் ஒரு குடைக்கீழ் வைத்து, பனி இறங்கும் உயரத்திலும் விளக்கு அணையாத ஊர்களைக் காத்து வருபவரும், சொன்ன சொல்லை மீளப் பெறாதவர் என்று பகைவராலும் போற்றப்படுபவரும் ஆகிய குடவரைக் கோமான் செழுங்கோடப் பெருமானடிகள் திருமுன்பு, கீழ்கடல் எல்லையாக அளநாடு ஆளும் நிலமாதேவி விடுக்கும் ஓலை. உம் அரண்மனையில் உள்ளாரும், கோட்டைச் சுவரில் நிற்பாரும், மலைச்சரிவில் ஆடு மேய்ப்பாரும் நலமாக வாழ்க. இவ்விடத்தும் நலமே என்று அடுத்து எழுதுவது வழக்கம். இம்முறை அதை எழுதாமல் விடுகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் இரு நாடுகளுக்கும் நடந்த போரின் கடைசி மாதத்தில், எம் தென்கரையில் சுள்ளித்துறை என்னும் உப்பளத்து ஊரில் உப்புக் கிடங்கு ஒன்று தீப்பட்டு, அதனுள் அடைக்கலம் புகுந்திருந்த நாற்பத்திரண்டு பேர் வெந்து மாண்டனர். அச்செயல் உம் வீரர் செய்தது என்று எம் தண்டநாயகர் கடம்பாடியார் எமக்கு எழுதினார். அவர் எம் தாய்மாமன் மகன். நாம் நம்பினோம், நம்பியதை எம் தூதர் வாயால் உம் அவையில் சொல்லவும் செய்தோம். அவ்வூருக்கு அருகில் பிடிபட்ட உம் வீரர் பன்னிருவரை அந்தப் பழியின்பேரில் சிறையிலிட்டோம். நீர் அதை மறுத்து எழுதிய ஓலைகள் மூன்றும் எம்மிடம் உள்ளன. மூன்றுக்கும் நாம் விடை எழுதவில்லை. அவற்றுக்கான விடை இது.

உண்மை வெளிவந்த வழியைச் சொல்ல வேண்டுமானால், எம் நாட்டில் ஏடெழுதும் ஒருவர் தம் குறிப்புகளை ஏட்டின் எந்த இடத்தில் எழுதினார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வேந்தர் இதைச் சிறு செய்தி என்று எண்ணலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். இவ்வோலை நீண்டிருப்பதற்கு அதுவே காரணம். இதில் வரும் பேச்சுகள், பேசியவர் வாயில் வந்தபடியே எழுதப்பட்டுள்ளன. அவற்றை அவைத்தமிழுக்கு மாற்றினால் சொன்னவர் மறைந்து அவை மட்டுமே மிஞ்சும் என்பதால் மாற்ற வேண்டாம் என்று கட்டளையிட்டோம்.

அவர் பெயர் நக்கன் விடங்கன். வயது நாற்பத்தாறு. போரின் வரலாற்றை எழுதுமாறு நாமே அவரைப் பணித்தோம். அரண்மனையில் அமர்ந்து தண்டநாயகர்களின் ஓலைகளைத் தொகுத்து எழுதியிருந்தால் ஆறு மாதத்தில் முடிந்திருக்கும். விடங்கர் நடந்தார். இரண்டு ஆண்டுகள் போர் நடந்த வழியெல்லாம் நடந்து, படைகள் தங்கிய தோப்புகளையும் கடந்த துறைகளையும் கண்டு, கண்டவரைக் கேட்டு, கேட்டதை எழுதினார். அப்படித்தான் ஒரு கோடை முற்பகலில் சுள்ளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

அந்த ஊரை வேந்தர் கண்டதில்லை. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. மரமில்லை, நிழலில்லை. பாத்திகளில் தேங்கிய நீரில் வானம் துண்டு துண்டாகக் கிடக்கும். அங்கே வேலை செய்வோர் கண்களைச் சுருக்கியே வைத்திருப்பதால், எவரைப் பார்த்தாலும் சினந்திருப்பது போலத் தோன்றும். அந்த வெள்ளையின் நடுவில் கிடங்கு இருந்த இடம் மட்டும் கருப்பாக இருந்தது. மூன்று மழை பெய்தும் அது வெளுக்கவில்லை என்று விடங்கர் தம் கையேட்டில் எழுதியிருக்கிறார்.

முதல் நான்கு நாட்கள் எவரும் அவரிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் கொற்றி என்பவள் பேசினாள். உப்பு வாருபவள்; கிடங்கில் தன் மக்கள் இருவரையும் இழந்தவள். தீ வைத்தவர்கள் குடவரை வீரர்கள்தாமா என்று விடங்கர் கேட்டார்.

"யாரு சொன்னா? கொடி நம்ம கொடிதான்யா. வேற கொடியா இருந்தா நான் எதுக்கு ஓடாம நிக்கேன்? நம்ம ஆளுக வந்துட்டாகன்னு கையக் காட்டிக்கிட்டுல்லா நின்னேன்."

அதன்பின் ஒருவர் ஒருவராக, அவளோடு சேர்த்துப் பதினொருவர் பேசினர். பின்வாங்கிய கடம்பாடியாரின் படை, கிடங்கிலிருந்த உப்பும் நெல்லும் பகைவர் கையில் சிக்கக் கூடாது என்று அதற்குத் தீ வைத்தது. உள்ளே மக்கள் இருப்பது தெரியாமல் வைத்தார்களா, தெரிந்தே வைத்தார்களா என்பதே எஞ்சிய கேள்வி. அதற்கு இருவரிடம் விடை இருந்தது: உப்பு சுமக்கும் உலகன், மீன் உலர்த்தும் வெள்ளச்சி. கதவு வெளியிலிருந்து தாழிடப்பட்டதை அவ்விருவரும் கண்டிருந்தனர். உள்ளிருந்தோர் தட்டிய ஓசை கேட்டபின் தாழிட்டார்கள் என்றும் சொன்னார்கள். முதலில் அதைச் சொன்னவர் உலகன். சொல்லிவிட்டு அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை.

எம் நாட்டுச் சட்டப்படி, வரலாற்று ஏட்டில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் அதைச் சொன்னவர் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாத செய்தி வரலாறாகாது. ஆகவே விடங்கர் ஒவ்வொருவரிடமும் பெயரை எழுதலாமா என்று கேட்டார். பதினொருவரும் இசைந்தனர். கொற்றி மட்டும் ஒன்று சொன்னாள்.

"எழுதிக்க. ஆனா அந்தத் தண்டநாயகன் ஆளுகதான் இன்னும் எங்க ஊருக்குக் காவலு. நீரு எழுதிட்டு வெண்பொழில் அரமனைக்குப் போயிருவீரு. நாங்க இங்கதான் கெடக்கணும். அதையும் நெனச்சு எழுதும்."

அவர் அதை நினைத்துத்தான் எழுதினார். கெட்டதும் அங்கேதான்.

பெயர்களை எழுதுவதற்கு எம் நாட்டில் இரண்டு முறைகள் உண்டு. ஏட்டின் ஏழு வரிகளில் கீழ் இரண்டு வரிகளை ஒதுக்கி, மேலே சொன்ன செய்திக்கு நேர் கீழே, அதே ஏட்டிலேயே சொன்னவர் பெயரை எழுதுவது ஒரு முறை, இது அடிக்குறிப்பு. ஏழு வரிகளையும் வரலாற்றுக்கே விட்டு, செய்தியின் அருகில் எண் மட்டும் இட்டு, அந்த எண்களுக்கு உரிய பெயர்களையெல்லாம் இறுதியில் தனி ஏடுகளில் எழுதி வேறொரு கயிற்றில் கட்டுவது மற்றொரு முறை, இது கடைக்குறிப்பு. அந்தச் சிறு கட்டுக்குக் கடைக்கட்டு என்று பெயர். எது சிறந்தது என்று எம் சுவடிக்களத்தில் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. அடிக்குறிப்பு படிப்பவன் சட்டையைப் பிடித்து இழுக்கிறது என்பார் சிலர். கடைக்குறிப்பு படிப்பவனைக் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக அலைய விடுகிறது என்பார் வேறு சிலர். இதன் பொருட்டு ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் அறிஞர்கள் எம் நகரில் உண்டு. நாம் அவர்களைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

புதிதாகக் கீறிய ஏட்டில் கரி தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும் என்பதை வேந்தர் அறிவீர். எம் சுவடிக்களத்தில் கரி தடவும் கூடத்துக்குத் தலைவி பூவணத்தி என்பவர். கை எப்போதும் கருப்பு, வாய் எப்போதும் கூர்மை. விடங்கர் கொண்டு வந்த ஏடுகளைக் கண்டதும் அவர் கேட்டார்.

"அடியில இடமே விடலையே விடங்கரே. பெயரெல்லாம் எங்கே?"

"கடைக்கட்டில்."

"அதானே. ஏழு வரியில ரெண்டு வரி போயிட்டா உமக்குச் சோறு இறங்காதே."

"விளையாடாதீர். உயிர் போகிற செய்தி இது. கடம்பாடியார் செய்ததாக எழுதிய வரிக்குக் கீழேயே, பார்த்தவள் இன்ன ஊர், இன்ன பெயர் என்று எழுதச் சொல்கிறீரா? அதைவிடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அவர் வாசலில் நிறுத்திவிடலாமே."

"சரி. உயிருக்காகத்தான்னே வச்சுக்குவோம். அதுல உம்ம நடைக்கும் ஒரு வசதி கிடைச்சுதா இல்லையா?"

 வசதி கிடைத்தது என்பதை விடங்கர் பின்னர் எம் முன் ஒப்புக்கொண்டார். சுள்ளித்துறையைப் பற்றிய அறுபத்துமூன்றாம் ஏடு அவர் வாழ்நாளில் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது. அதன் ஏழு வரிகளும் ஒரே மூச்சில் ஓடுபவை. ஐந்தாம் வரியோடு அதை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. உயிரைக் காப்பதற்காக அப்படிச் செய்தாரா, வரியைக் காப்பதற்காகச் செய்தாரா என்று கேட்டோம். இரண்டும் ஒரே பக்கம் இழுத்தபோது எது இழுத்தது என்று பார்க்கவில்லை என்றார்.

அவர் போட்ட கணக்கு எளியது. ஏடு அவையில் முதல் வரியிலிருந்து வாசிக்கப்படும். தொண்ணூறு ஏடுகள், ஒன்பது நாள் வாசிப்பு. கடைசியில் இருக்கும் பெயர்கள் கடைசியில்தான் எட்டும். அதற்குள் கடம்பாடியார் செய்ததை நாடே கேட்டிருக்கும். கேட்டபின் அவரிடம் படையும் இராது, காவலும் இராது. அதன் பிறகு பெயர்கள் தெரிந்தாலும் தீங்கு செய்ய ஆளிருக்காது. நூல்களோடு வாழ்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை இது. உலகில் எல்லோரும் நூலை முதலிலிருந்துதான் படிப்பார்கள் என்று அவர் நம்பினார்.

சென்ற மாசியில் வாசிப்பு தொடங்கியது. நாம் அரியணையில் இருந்தோம். கடம்பாடியார் எமக்கு வலப்புறம் இருந்தார். முதல் நாள், மரபுப்படி ஏட்டுக்கட்டு வாசிப்பவர் மடியிலும் கடைக்கட்டு அவை நடுவிலிருந்த முக்காலியிலும் வைக்கப்பட்டன. ஏட்டில் எவர்மேல் பழி சொல்லப்படுகிறதோ அவர்க்கோ அவர் சார்பில் வருபவர்க்கோ, தம்மைப் பற்றிப் பேசியவர் யார் என்று கடைக்கட்டை அவிழ்த்துப் பார்க்கும் உரிமை எம் சட்டத்தில் உண்டு. அவிழ்ப்பவர் கயிற்றில் தொங்கும் ஓலை நறுக்கில் தம் பெயரை எழுத வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இந்தச் சட்டத்தை நல்ல நோக்கத்தோடு இயற்றியவர் எம் பாட்டனார்.

வாசிப்பவர் இரண்டாம் ஏட்டில் இருந்தார்; எல்லைத் தகராறு எப்படித் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கடம்பாடியாரின் ஓலைக்காரன் தாமன் எழுந்து வந்தான். முக்காலியின் அருகே அமர்ந்தான். கடைக்கட்டை அவிழ்த்தான். அதில் மொத்தம் நான்கு ஏடுகள். ஒருமுறை படித்தான். நறுக்கில் தன் பெயரைத் திருத்தமான எழுத்தில் எழுதினான். கட்டினான். வாசல் தண்ணீர்ப் பந்தலில் நீர் வாங்கிக் குடித்தான். வெளியே போனான்.

விடங்கர் அதைக் கண்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெறும் பெயர்களைக் கொண்டு இவன் என்ன அறிந்துகொள்வான், ஏடு இன்னும் போர்க்களத்துக்கே வரவில்லையே என்று அப்போது தாம் நினைத்ததாக அவர் சொன்னார். தொண்ணூறு ஏடுகளுக்கு நடுவில் மறைந்து கிடந்திருக்க வேண்டிய பெயர்களை ஊரோடும் தெருவோடும் ஒரே இடத்தில் வரிசையாக எழுதித் தந்திருப்பது அவருக்கு அந்நேரம் தோன்றவில்லை.

எட்டு நாட்கள் வாசிப்பு நடந்தது. மக்கள் கேட்டனர், அழுதனர், சில இடங்களில் சிரிக்கவும் செய்தனர். கடம்பாடியார் ஒருநாளும் தவறாமல் வந்து, கை கட்டி அமர்ந்து கேட்டார். ஓர் ஏட்டின் நடையைப் பாராட்டி விடங்கர்க்குத் தலையசைத்தார். விடங்கர் அந்தத் தலையசைப்பை ஏற்றுக்கொண்டார். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவர் தம் உதட்டைக் கையால் துடைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம்.

ஏழாம் நாள் அறுபத்துமூன்றாம் ஏடு வாசிக்கப்பட்டதுமே, சுள்ளித்துறைச் சான்றாளர்களை ஒன்பதாம் நாளுக்கு அழைத்து வருமாறு எம் ஆட்கள் குதிரையில் சென்றனர். ஒன்பதாம் நாள் காலையில் திரும்பி வந்தனர். பதினொருவருக்குப் போனவர்கள் நால்வரோடு வந்தனர். அழைப்புக்குச் சென்றவர்களின் தலைவன் கூற்றன், முப்பதாண்டு படையில் இருந்தவன். அவையில் அவன் சொன்னான்.

"மொத வீடு உலகன் வீடு, தாயே. ஆளு பாத்தியில குப்புறக் கெடந்தாராம், தண்ணியில. வழுக்கி விழுந்துட்டாருன்னு ஊருல சொன்னாக. சரின்னு ரெண்டாம் வீட்டுக்குப் போனோம். அங்கயும் எழவு. மூணாவது அந்த வெள்ளச்சி. அங்க போறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நாலு, அஞ்சு, ஆறு, ஏழு… ஓலையில எப்படி எழுதியிருக்கோ அதே வரிசை, தாயே. ஒரு ஆளு முன்னப்பின்ன இல்ல. எட்டாவது இந்தக் கொற்றி வீடு. இவளை நாங்க கூட்டிட்டுத் தெரு திரும்பல, ரெண்டு பேரு அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாக. பிடிச்சோம். மடியில ஒரு நறுக்கு. பதினோரு பேரு. ஏழு பேரு மேல கோடு."

 விடங்கர் தம் இடத்தில் அமர்ந்திருந்தார். அந்த வரிசை எங்கிருந்து வந்தது என்பது அவருக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். சுள்ளித்துறைக் கதையில் எவருடைய செய்தி முன்னால் வந்ததோ அவருக்கு அவ்வூர்ப் பெயர்களில் முதல் எண். அடுத்து வந்ததற்கு அடுத்த எண். கதையின் ஓட்டத்துக்காக உலகனை முதலில் வைத்தார். கொற்றியின் கொடிச் செய்தியை முதலில் சொன்னால் திடுக்கிடும் தன்மை குறைந்துவிடும் என்று அவளை எட்டாவதாகத் தள்ளினார். அவர் நடைக்காகச் செய்த அடுக்கு எவர் சாவது, எவர் பிழைப்பது என்பதற்கான அடுக்காகிவிட்டது.

பிடிபட்ட இருவரும் மறைக்கவில்லை. கயிற்று நறுக்கில் தாமன் பெயர் இருந்தது. அன்றே கடம்பாடியாரின் வாளை வாங்கிக்கொண்டு அவர்க்கும் தாமனுக்கும் விலங்கிட்டோம். எழுவரின் கொலைக்கு அவர் தலை தருவார். அதில் எமக்கு ஐயமில்லை, உறவும் தடையில்லை. ஆனால் விலங்கிட்டபின்பும் அவர் அவையை நோக்கி ஒன்று கேட்டார். தம் தலையைப் பற்றி அவர் பேசவில்லை, கிடங்கில் தீ வைத்ததைக்கூட மறுக்கவில்லை, கதவு தாழிடப்பட்டது என்ற வரிக்குச் சான்று யார் என்று மட்டுமே கேட்டார். போரில் தீ வைத்தவன் என்ற பெயரோடு அவர் குலம் வாழ முடியும். தன் மக்களை உள்ளே வைத்துத் தாழிட்டவன் என்ற பெயரோடு வாழ முடியாது.

அந்த வரிக்குச் சான்று உலகனும் வெள்ளச்சியும். முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும்.

சட்டத்தைச் சுவடிக்களத்தார் எடுத்துச் சொன்னார்கள். அடிக்குறிப்பில் உள்ள பெயர், செய்தியோடு அதே ஏட்டில் அதே கையால் எழுதப்படுவதால், சொன்னவர் இறந்தாலும் அவர் சொல் நிற்கும். கடைக்கட்டு தனிக்கயிற்றில் இருப்பது. எவரும் எப்போதும் ஓர் ஏட்டை உருவி வேறோர் ஏட்டைச் செருகக்கூடியது. ஆகவே கடைக்கட்டில் உள்ள பெயருக்கு உரியவர் உயிரோடு வந்து ஆம் என்று சொன்னால்தான் அந்தச் செய்தி நிற்கும். இல்லையெனில் அந்த வரி கீறி அழிக்கப்படும். விடங்கர் அவர்கள் சொல்லத் தம் காதால் கேட்டதாகச் சூளுரைத்தார். ஏடெழுதுபவன் தன் ஏட்டுக்குத் தானே சான்றாக முடியாது என்று சட்டம் சொல்கிறது. நாம் சட்டத்தை மீறியிருக்கலாம். மீறியிருந்தால், எம் உறவினரைப் பழிக்கும் வரியை எம் ஆணையால் நிறுத்தினோம் என்று ஏடு முழுவதையும் நாளை எவரும் பொய்யாக்கிவிடுவர். மீறவில்லை.

வரியைத் தாமே அழிக்க விடங்கர் இசைவு கேட்டார். அவையில் அனைவரும் காண எழுத்தாணியின் கூரால் அந்த வரியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். பின்னர் ஏடு பூவணத்தியின் கூடத்துக்குப் போனது. கரி தடவினார்கள். ஓலையில் எங்கே கீறல் அதிகமோ அங்கேதான் கரி அதிகம் பிடிக்கும். அறுபத்துமூன்றாம் ஏட்டில் இன்று எந்த எழுத்தையும்விடக் கருப்பாக இருப்பது அழிக்கப்பட்ட அந்த வரிதான். அதைத் துடைக்க எவ்வளவோ முயன்றதாகவும் முடியவில்லை என்றும் பூவணத்தி எழுதி அனுப்பியுள்ளார். அவர் முயன்றிருக்க மாட்டார் என்று நாம் நம்புகிறோம்.

வரி அழிக்கப்பட்ட மூன்றாம் நாள், கொற்றி தங்கியிருந்த வழிப்போக்கர் சாவடிக்கு விடங்கர் சென்றார். காலில் விழப் போனவரை அவள் தடுத்தாள்.

"எந்திரியும்யா. நீரு விழுந்தா உலகண்ணன் எந்திரிச்சுருவாரா?"

மீதமுள்ள செய்திகளுக்கு ஏடு புதிதாக எழுதப்படுகிறது என்றும், அவள் இசைந்தால் மட்டுமே அவள் பெயர் அதில் இருக்கும் என்றும், இல்லையெனில் அவள் செய்தியையும் விட்டுவிடலாம் என்றும் அவர் சொன்னார். தாமனுக்கு இன்னும் சுற்றத்தார் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"இப்ப எங்க எழுதப் போறீரு?"

"கொடி நம் கொடி என்று நீ சொன்ன வரிக்கு நேர் கீழே. அதே ஏட்டில்."

"அந்த வரியப் படிக்கிறவுகல்லாம் எம்பேரையும் படிப்பாகளா?"

"படிக்காமல் அடுத்த ஏட்டுக்குப் போக முடியாது."

"எம்பேர மட்டும் தனியா ஒருத்தன் பிச்சு எடுத்துட்டுப் போக முடியுமா?"

"முடியாது. எடுத்தால் நீ சொன்னதும் சேர்ந்துதான் போகும்."

 கொற்றி இன்னும் ஒன்று கேட்டாள்.

"இது மொதல்லயே தெரியாதா உமக்கு?"

தெரியும் என்றார் விடங்கர்.

"எழுதும். எம்புள்ளைக எங்க கெடக்கோ அதுக்குக் கீழயே நானும் கெடக்கேன். எழுத்து பெருசா இருக்கட்டும். இனி ஒளிய எடமுமில்ல."

மற்ற மூவரும் இசைந்தனர். புதிய ஏட்டில் ஐந்தே வரிகள். அடியில் நான்கு பெயர்கள். நடை முன்பு போல் இல்லை. ஒவ்வொரு வரியும் தன் காலடியில் நிற்பவரைப் பார்த்துத் தயங்கிப் பேசுவது போல் இருக்கிறது. கதவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இனி எந்த நாளும் எம் நாட்டு வரலாற்றில் அது இராது.

விடங்கர் தமக்குத் தண்டனை வேண்டினார். அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதால் எம்மால் அதைத் தர முடியவில்லை. எழுத்தாணியைக் கீழே வைக்க விடை கேட்டார். அதையும் தரவில்லை.

குடவரைக் கோமான் இப்போது எம் கட்டளைகளையும் வேண்டுகோளையும் கேட்டருள்க.

அளநாட்டில் இன்று முதல் எவர் வரலாறு எழுதினாலும், சொன்னவர் பெயர் சொன்ன செய்திக்கு நேர் கீழே, அதே ஏட்டில் எழுதப்படுக. கடைக்கட்டு என்பது எம் நாட்டில் இனி இல்லை. அழகு கருதியோ இரக்கம் கருதியோ எவர் அதை மீண்டும் கட்டினாலும் அக்கயிறு அறுக்கப்படுக. அடியில் எழுதினால் எவரும் சாகமாட்டார் என்று நாம் சொல்லவில்லை. கொற்றியின் வீட்டு வாசலில் எம் வீரர் இருவர் நிற்கின்றனர். எத்தனை ஆண்டுகள் நிற்க வேண்டும் என்று எமக்குத் தெரியாது. சாக நேர்ந்தால் அவர் சொன்னது அவரோடு சாகாது என்பதை மட்டுமே எம்மால் தர முடிகிறது. அது போதாது என்பதை அறிவோம்.

உம் வீரர் பன்னிருவரில் இருவர் எம் சிறையில் காய்ச்சலால் இறந்தனர். அவர்கள் அணிந்திருந்தவற்றை மடித்து அனுப்பியுள்ளோம். மீந்த பதின்மர் இவ்வோலையோடு வருகின்றனர். அவர்களுக்குக் குதிரை தந்தோம்; நால்வர் ஏற மறுத்து நடந்தே வருகின்றனர். அவர்கள் எம்மைப் பற்றி எது சொன்னாலும் அது உண்மை என்று கொள்க.

இறுதியாக ஒன்று. எம் சட்டம் ஏட்டை ஆள்கிறது, ஓலையை ஆளவில்லை. வரலாற்றில் நாம் எழுத முடியாததை ஓர் அரசி இன்னோர் அரசர்க்கு எழுதலாம். ஆகவே எழுதுகிறோம். சுள்ளித்துறைக் கிடங்கின் கதவு, உள்ளே மக்கள் இருப்பது தெரிந்தே, எம் கொடியின் கீழ் நின்ற எம் வீரரால், வெளியிலிருந்து தாழிடப்பட்டது. உம் வீரர் எவரும் அவ்விடத்தில் இல்லை. இவ்வோலையை உம் அவையில் முழுதும் வாசிக்கச் செய்க; பின்னர் உம் ஏட்டகத்தில் வைக்க. எம் நாட்டில் இல்லாத வரி உம் நாட்டிலாவது இருக்கட்டும்.

கடல் வற்றாத வரையில் இச்சொல் மாறாது. எம் ஆட்சியாண்டு ஆறாவது, உப்பெடுப்பு முடிந்து மூன்றாம் நாள், வெண்பொழில் அரண்மனையிலிருந்து, இரட்டை நாரை இலச்சினை இட்டு விடுத்தோம்.

அடியில்: கதவு தாழிடப்பட்டதைக் கண்டு சொன்னவர், சுள்ளித்துறை மேலத்தெரு உலகன்; அவ்வூர் மீன்களத்து வெள்ளச்சி. இருவரும் கொல்லப்பட்டனர். அவர்கள் சொல்லக் கேட்டவன் இவ்வோலையை எழுதும் நக்கன் விடங்கன். அவர்கள் பெயரைத் தனியே கட்டிக் கொடுத்தவனும் அவனே. இவை என் எழுத்து.